மோரே சாலையும் பர்மா உளுந்தும்

பர்மா உளுந்து நம் மண்டிகளுக்குப் புதிதல்ல. எஃப்.ஏ.க்யூ. என்றும் எஸ்.க்யூ. என்றும் தரம் பிரித்து, சென்னையில் இன்றைய விலை என்ன என்று காலையில் போனில் கேட்டுவிட்டுத்தான் நம் பருப்பு மில்காரர்கள் அன்றைய பேரத்தைத் தொடங்குகிறார்கள். இட்லிக்கும் தோசைக்கும் அரைபடும் உளுந்தில் கணிசமான பங்கு அந்த நாட்டிலிருந்து வருவதைச் சில்லறை வியாபாரி முதல் ஓட்டல்காரர் வரை எல்லோரும் அறிவோம். ஆனால் அது எந்த வழியாக வருகிறது, ஏன் அந்த வழியாக மட்டும் வருகிறது என்று கேட்டால் நம்மில் பலருக்கும் சட்டென்று விடை வராது.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம்தான் இது. 'பொருளாதார வழித்தடம்', 'அண்டை நாடுகளின் வட்டார ஒத்துழைப்பு' என்ற சொற்கள் நாளிதழ்களில் அடிக்கடி அடிபடுகின்றன. மணிப்பூரிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்துக்குச் சாலை வருகிறது, அது முடிந்துவிட்டால் பருப்பு லாரியிலேயே வந்து இறங்கும், துறைமுகச் செலவு மிச்சம், விலை சரியும் என்று நம் உறுப்பினர்கள் சிலரே பேசிக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கையில் யாரும் கொள்முதலைத் தள்ளிப் போட்டுவிடக் கூடாது. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். (நாட்டின் பெயர் 1989-ல் மியான்மர் என்றும், ரங்கூனின் பெயர் யாங்கோன் என்றும் மாறின. சரக்கின் பெயர் மட்டும் நம் கடைகளில் பர்மா உளுந்தாகவே நின்றுவிட்டது. நாமும் இரண்டு பெயர்களையும் கலந்தே எழுதுகிறோம்.)

சாலையின் கதை

இந்தியா, மியான்மர், தாய்லாந்து மூன்றையும் இணைக்கும் நெடுஞ்சாலை என்ற யோசனை 2002-ல் ரங்கூனில் கூடிய மூன்று நாட்டு அமைச்சர்கள் கூட்டத்தில் பிறந்தது. மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தொடங்கி, எல்லைக்கு அப்பால் தமு, கலேவா, மாண்டலே, தாட்டோன், மியாவடி என்று போய், தாய்லாந்தின் மே சோட் ஊரைத் தொடும் இந்தத் தடத்தின் நீளம் சுமார் 1,360 கிலோமீட்டர். இதில் ஒரு துண்டு யோசனைக்கு முன்பே தயாராகிவிட்டது. நம் எல்லைச் சாலை அமைப்பு தமுவிலிருந்து கலேமியோ வழியாகக் கலேவா வரை போட்டுக் கொடுத்த சுமார் 160 கிலோமீட்டர் நட்புறவுச் சாலை, 2001 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

அதன்பிறகுதான் வேகம் குறைந்தது. அந்தத் துண்டில் உள்ள 69 குறுகிய பழைய பாலங்களை மாற்றி அகலமாகக் கட்டுவதும், கலேவாவிலிருந்து யாகி வரை சுமார் 120 கிலோமீட்டரை அகலப்படுத்துவதும் நம் அரசு ஏற்றுக்கொண்ட வேலைகள். 2016-ல் முடியும் என்றார்கள், பிறகு 2019 என்றார்கள். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சாலை போகும் சாகாயின் பகுதியே சண்டைக்களமானது. 2023 ஜூலையில் நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர், வேலையில் சுமார் 70 சதவீதம் முடிந்துவிட்டதாகச் சொன்னார். அதே மாதத்தில் வெளியுறவு அமைச்சர், மியான்மரின் நிலைமையால் இது கடினமான திட்டமாகிவிட்டது என்றார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். 70 சதவீதம் கட்டிய பாலத்தில் லாரி போகாது என்பதை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தடம் தமிழருக்கு வேறு விதத்தில் பழக்கமானது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபின், லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிர் பிழைக்க மேற்கே நடந்தார்கள். அவர்கள் வந்த பாதைகளில் ஒன்று தமு வழியாக மணிப்பூருக்குள் நுழைவது. பிறகு 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் கிடங்குகளும் நாட்டுடைமை ஆயின. 1964-ல் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டார்கள். கல்லாவில் இருந்த பணம் காகிதமாகிப் போன நம்மவர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். சென்னையின் பர்மா பஜாரும், தமிழகத்தில் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அப்படி வந்தவைதான்.

வந்தவர்களில் சிலருக்கு இங்கே பிழைப்பு அமையவில்லை. பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று நிலவழியாக வடகிழக்குக்குப் போனவர்கள், எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு. பர்மிய மொழி பேசத் தெரிந்தவர்கள், அக்கரை வியாபாரிகளின் முகம் அறிந்தவர்கள் என்பதால் அந்த எல்லை ஊரின் கடைத்தெருவில் நம்மவர்கள் கை ஓங்கியிருந்தது. இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் மலைப்பாதையில் போனால் இட்லி கிடைக்கும் என்பது அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி.

பட்டியலில் இருந்தால் சரக்கு, இல்லாவிட்டால் கடத்தல்

மோரேயில் சட்டப்படியான வியாபாரம் எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தால், சாலை மட்டும் ஏன் போதாது என்பது விளங்கிவிடும். இந்தியாவும் மியான்மரும் 1994 ஜனவரி 21-ல் எல்லை வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1995 ஏப்ரல் 12-ல் மோரேயில் அது நடைமுறைக்கு வந்தது. அனுமதிக்கப்பட்ட சரக்குகள் 22. அவை பெரும்பாலும் நம் மளிகைக்கடைச் சரக்குகளே: பருப்பு, பயறு வகைகள், பூண்டு, வெங்காயம், மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி விதை, எள், கடுகு, பாக்கு, வெற்றிலை, புகையிலை, சோயா மொச்சை, துடைப்பப்புல்.

பணம் கொடுக்கல் வாங்கல் பண்டமாற்றாகவே இருந்தது. பாங்க் மூலம் இரு நாட்டுக்கும் பணம் போய் வர வழியில்லாத இடத்தில், இங்கிருந்து போகும் சரக்கின் மதிப்புக்கு அங்கிருந்து சரக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்பதற்கு எளிது. ஆனால் நாம் அனுப்பும் சரக்கு அங்கே தேவைப்படும் அதே வாரத்தில், அங்கிருந்து வரும் சரக்கு நமக்கும் தேவைப்பட்டால்தானே பண்டமாற்று ஓடும்? பருப்பு அறுவடைக்கு வருவது ஒரு பருவம், கொசுவர்த்தி விற்பது வேறு பருவம்.

பட்டியலும் காலத்துக்கு ஏற்ப நீளவில்லை. 2008-ல் அகர்பத்தி, சர்க்கரை, உப்பு, கொசுவர்த்தி, பிளேடு, எவர்சில்வர் பாத்திரம், துணி, உரம் என்று மேலும் சில சேர்ந்தன. 2012-ல் பட்டியல் 62 ஆனது. அதற்குள் அந்தச் சந்தையே வேறு திசைக்குப் போய்விட்டது. மக்கள் விரும்பி வாங்கியது சீனாவிலிருந்து மியான்மர் வழியாக வந்த கம்பளி, மின்சாதனம், செருப்பு, குடை ஆகியவற்றை. எல்லைக் கேட்டைத் தாண்டினால் நம்பலோங் சந்தை. காலையில் போய் மாலையில் மூட்டையோடு திரும்பலாம். பட்டியலில் இல்லாத சரக்கு தலைச்சுமையாகவும் சிறு வண்டியிலும் வந்துகொண்டே இருந்தது. கணக்கில் வந்த வியாபாரம் கொஞ்சம், கணக்கில் வராதது அதிகம் என்பதை ஆராய்ச்சி செய்தவர்கள் எல்லோருமே எழுதியிருக்கிறார்கள்.

2015-ல் அரசு ஒரே அடியாக மாற்றியது. ரிசர்வ் வங்கி, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் மியான்மர் எல்லையில் பண்டமாற்று கிடையாது, எல்லாம் வழக்கமான ஏற்றுமதி இறக்குமதி முறைப்படியே நடக்க வேண்டும் என்று அறிவித்தது. எல்லை வணிகப் பட்டியலும் போயிற்று. காகிதத்தில் இது முன்னேற்றம்தான். 62 சரக்கு என்ற வேலி நீங்கிவிட்டதே! ஆனால் சிறு வியாபாரிக்கு என்ன நடந்தது? ஒரு முறை கொண்டுவரும் சரக்கின் மதிப்பு 25,000 ரூபாய்க்குள் இருந்தால் இறக்குமதி-ஏற்றுமதி எண் வேண்டாம் என்ற விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் எண் வேண்டும், பாங்க் கணக்கு வேண்டும், முழுச் சுங்கவரி கட்ட வேண்டும், தானியம், விதை, பருப்பு என்றால் பயிர்நோய்த் தடுப்புச் சான்றும் வேண்டும். மொழி தெரிந்ததை முதலாக வைத்து வியாபாரம் செய்தவரிடம் இத்தனை காகிதம் கேட்டால் அவர் எங்கே போவார்? பெரிய இறக்குமதியாளரோ, இத்தனை காகிதம் கொடுக்க வேண்டுமென்றால் சென்னைத் துறைமுகத்திலேயே கொடுத்துவிடுகிறேனே என்றார்.

பாக்கு தனிக்கதை. இறக்குமதிப் பாக்குக்கு 100 சதவீத வரி, அதோடு 2023 பிப்ரவரியில் குறைந்தபட்ச இறக்குமதி விலை கிலோவுக்கு 351 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. நம் நாட்டுப் பாக்கு விவசாயிகளைக் காப்பாற்ற வைத்த வேலி அது. தவறென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் வேலி உயரும்போது அதன் அடியில் பொந்து தோண்டுகிறவனுக்குக் கூலியும் உயர்கிறது. வடகிழக்கில் பர்மா பாக்கு பிடிபட்ட செய்தி வராத மாதமே இல்லை என்னும் அளவுக்கு அது ஆகிவிட்டது. ரசீது இல்லாத பாக்கு மலிவாக வந்தால் நம் உறுப்பினர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

2019 ஜனவரியில் மோரேயில் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி திறந்தார்கள். சுங்கம், குடியேற்றம், கிடங்கு, எடைமேடை எல்லாம் ஒரே வளாகத்தில். நல்ல ஏற்பாடு. ஓராண்டு கழித்து, 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லைக் கேட் மூடப்பட்டது. 2021-ல் அக்கரையில் ராணுவப் புரட்சி. 2023 மே மாதம் மணிப்பூரில் இனக்கலவரம் வெடித்து மோரேயிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எல்லையின் இரு புறமும் 16 கிலோமீட்டர் வரை மக்கள் விசா இல்லாமல் போய் வந்த பழைய ஏற்பாட்டை நிறுத்துவதாக 2024 பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் அறிவித்தார். அந்த ஆண்டின் கடைசியில் அது 10 கிலோமீட்டராகவும் அனுமதிச் சீட்டோடு கூடியதாகவும் மாறியது. தொண்ணூறுகளின் இன மோதல்களுக்குப் பின்னரே மோரேத் தமிழ்க் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. கேட் மூடினால் கடை மூடும் என்ற ஊரில் மிச்சமிருந்தவர்கள் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்பது, ஊரடங்கில் கதவை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த நமக்குப் புரியாததல்ல.

வழியில் எத்தனை முறை நிற்க வேண்டும்?

சாலையை வழித்தடமாக்கியவர்கள் இதே ஆசியாவில் இருக்கிறார்கள். மீகாங் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம், மியான்மர் ஆகியவையும் சீனாவின் யுன்னான் மாகாணமும் 1992-ல் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கின. 'பொருளாதார வழித்தடம்' என்ற சொல்லை 1998-ல் அவர்கள்தாம் தங்கள் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மியான்மரின் மொலமியானிலிருந்து தாய்லாந்து, லாவோஸ் வழியாக வியட்நாமின் டா நாங் துறைமுகம் வரை போகும் கிழக்கு-மேற்கு வழித்தடம் சுமார் 1,450 கிலோமீட்டர். நம் மோரே சாலையைவிடச் சற்றே நீளம்.

அங்கே அவர்கள் முதலில் கவனித்தது, லாரி எத்தனை இடத்தில் நிற்கிறது என்பதை. தாய்லாந்தின் முக்தாஹானுக்கும் லாவோஸின் சவன்னக்கேத்துக்கும் நடுவே மீகாங் ஆற்றின் மேல் 2006 டிசம்பரில் பாலம் திறந்தார்கள்; படகில் ஏற்றி இறக்கும் வேலை போயிற்று. லாவோஸ்-வியட்நாம் எல்லையில் லாவ் பாவ் சாவடியில், இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே முறை சோதிக்கும் ஏற்பாட்டைப் படிப்படியாகக் கொண்டுவந்து 2015-ல் முழுமையாக்கினார்கள். அதாவது, வெளியேறும் நாட்டில் ஒரு முறை மூட்டையைப் பிரித்து, நுழையும் நாட்டில் மறுபடி பிரிக்கும் தொல்லை இல்லை. இதையும் பத்தாண்டு பேசித்தான் சாதித்தார்கள் என்பதையும், எல்லாச் சாவடியிலும் இன்னும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மோரேயில் இதில் எதுவும் நடக்கவில்லை. மூன்று நாட்டு லாரிகளும் தடையின்றிப் போய்வர ஒரு மோட்டார் வாகன உடன்பாடு வேண்டும். அதற்கான வரைவு 2015-ல் பேசப்பட்டது. 2023 வரையிலும் கையெழுத்தாகவில்லை. உடன்பாடு இல்லாவிட்டால் எல்லையில் சரக்கை இறக்கி அக்கரை லாரியில் ஏற்றியாக வேண்டும். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறோம், தாய்லாந்திலும் இடப்புறம்தான். நடுவில் இருக்கும் மியான்மரில் 1970 முதல் வலப்புறம். மோரேயில் ஏறி மே சோட்டில் இறங்கும் டிரைவர் இரண்டு முறை பக்கம் மாற வேண்டும்!

இறக்கி ஏற்றுவதன் செலவை நாமே கணக்குப் போடலாம். கணக்குக்காக ஒரு லாரியில் 20 டன் பருப்பு, கிலோவுக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மிச்சம் 20,000 ரூபாய். ஒரு இடத்தில் இறக்கி ஏற்றும் கூலி, அதில் சிந்தும் சரக்கு, லாரி நிற்கும் நாள்களுக்கான வாடகை, முதலுக்கு வட்டி ஆகியவற்றை இதிலிருந்து கழித்துப் பாருங்கள். இரண்டாவது இடத்திலும் நின்றால் மிச்சம் எங்கே? துணிக்கும் மின்சாதனத்துக்கும் இது தாங்கும். எடை அதிகம், விலை குறைவு என்ற பருப்புக்குத் தாங்காது.

கப்பல் ஜெயித்த விதம்

ஆக, நமக்கு வரும் உளுந்து ரங்கூனில் கண்டெய்னரில் ஏறி வங்கக் கடலைக் கடந்து சென்னையிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. இதற்குப் பூகோளமே முதல் காரணம். அங்கே உளுந்து பெரும்பாலும் கீழ்ப் பர்மாவில், பாகோ, ஐராவதி ஆகிய பகுதிகளில், மழைக்கால நெல் அறுத்த வயலில் விதைக்கப்படுகிறது. அந்த வயல்கள் ரங்கூன் துறைமுகத்துக்கு அருகில். மோரேயோ பல நூறு கிலோமீட்டர் வடக்கே, மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாலும் மோரேயிலிருந்து சென்னைக்குச் சாலை தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். துவரை மட்டும் மேல்ப் பர்மாவில், மாண்டலே, மாக்வே, சாகாயின் வட்டாரங்களில் விளைகிறது. சாலை நல்லபடி இருந்தால் அந்த லெமன் துவரையில் ஒரு பகுதி அசாம், மணிப்பூர்ச் சந்தைகளுக்கு நிலவழியாகப் போகலாம். அதுவும் நம் தென்னாட்டு மண்டிக்கு வராது.

(ஒரு துணுக்கு. மியான்மரின் உள்நாட்டுச் சந்தைகளில் வீசைக் கணக்கு இன்னும் வழக்கில் உள்ளது. நம் தாத்தா காலத்து வீசை சுமார் 1.4 கிலோ, அவர்களுடையது 1.63 கிலோ. நாம் 1960-களில் கிலோவுக்கு மாறிவிட்டோம். நம் சொல் அவர்கள் தராசில் பிழைத்திருக்கிறது.)

கடல் வழியையும் சும்மா கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். அதிலும் கதவு உண்டு, பூட்டும் உண்டு. அவை தில்லியில் இருக்கின்றன. 2017 ஆகஸ்டில் நம் அரசு துவரை இறக்குமதியை ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்றும், உளுந்து, பாசிப்பயறு இரண்டும் சேர்த்து 3 லட்சம் டன் என்றும் கட்டுப்படுத்தியது. உள்நாட்டில் விளைச்சல் அமோகம், விவசாயிக்கு விலை இல்லை என்பது காரணம். அறிவிப்பு வந்ததும் ரங்கூனில் விலை விழுந்தது. இந்தியா வாங்கும் என்று நம்பி விதைத்த அந்த ஊர்ச் சம்சாரிகள் தவித்தார்கள். சாலை ஒன்றும் அன்று இடிந்து விழவில்லை, கப்பல் ஒன்றும் மூழ்கவில்லை. ஒரு அரசிதழ் அறிவிப்பு, அவ்வளவுதான்.

2021 மே மாதம் அதே கதவைத் திறந்தார்கள்; துவரை, உளுந்து, பாசிப்பயறு மூன்றும் தடையற்ற இறக்குமதிப் பட்டியலுக்கு வந்தன. அடுத்த மாதம் மியான்மரோடு ஐந்தாண்டுக்கு ஒரு புரிந்துணர்வு உடன்பாடு ஆயிற்று. 2021-22 முதல் 2025-26 முடிய, ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வியாபாரிகள் மூலம் வாங்குவோம் என்று இந்தியா ஒப்புக்கொண்டது. 2017-ல் பட்ட அடிக்கு அவர்கள் கேட்டு வாங்கிய உறுதி என்று இதைச் சொல்லலாம். வட்டார ஒத்துழைப்பு என்றால் என்ன என்று கேட்பவருக்கு நாம் காட்டக்கூடிய உருப்படியான உதாரணம் இதுவே. விதைக்கிறவனுக்கு வாங்குகிறவன் இருக்கிறான் என்று தெரியும், மில்காரருக்குச் சரக்கு வரும் என்று தெரியும்.

இந்த அறிவிப்பில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். உடன்பாட்டின்படி வரும் சரக்கு ஐந்து துறைமுகங்கள் வழியாகவே வரலாம்: மும்பை, தூத்துக்குடி, சென்னை, கொல்கத்தா, ஹசிரா. மோரே அதில் இல்லை. கோடிக்கணக்கில் செலவிட்டுச் சாலையும் சோதனைச்சாவடியும் கட்டிய அதே அரசின் அறிவிப்புதான் இது. ஒரு கை போட்ட சாலையை மறு கை பட்டியலில் சேர்க்கவில்லை.

நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே இன்னொரு திட்டமும் உண்டு. கொல்கத்தாவிலிருந்து மியான்மரின் சிட்வே துறைமுகத்துக்குக் கப்பல், அங்கிருந்து கலாதான் ஆற்றில் 158 கிலோமீட்டர் பலேத்வா வரை படகு, பிறகு மிசோரம் எல்லைக்குச் சாலை. 2023 மே மாதம் சிட்வேக்கு முதல் சரக்குக் கப்பல் சிமெண்ட் மூட்டைகளோடு போய்ச் சேர்ந்தது. 2024 ஜனவரியில் பலேத்வா ஊர் அரக்கான் படையின் கைக்குப் போனது. வடகிழக்குக்குச் சரக்கு அனுப்புவதற்காக வகுத்த வழி அது; நமக்கு நேரடிச் சம்பந்தம் குறைவு.

பணம் போகும் வழி

சரக்கு வரும் வழியைப் போலவே பணம் போகும் வழியும் முக்கியம். மியான்மர் மத்திய வங்கி 2022 ஏப்ரலில், வெளிநாட்டிலிருந்து வரும் டாலரை அரசு விலைக்குக் கியாட்டாக மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு விலை ஒரு டாலருக்கு 2,100 கியாட். வெளிச்சந்தையிலோ 2023-ல் 3,000 கியாட்டுக்கு மேல் போனது. ரங்கூன் ஏற்றுமதியாளர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஆயிரம் டாலருக்கு விற்றால் கையில் வருவது எவ்வளவு என்பது, அரசு எந்த விலைக்கு, எத்தனை பங்கை மாற்றச் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. விதி மாறும் என்ற வதந்தி கிளம்பினாலே அவர் சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொள்கிறார். சென்னையில் விலை ஏறுகிறது. நாம் இங்கே மழையையும் விளைச்சலையும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மாற்றாக 2024 ஜனவரியில் ரூபாயிலும் கியாட்டிலும் நேராகக் கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு வந்தது. நம் பக்கம் பஞ்சாப் நேஷனல் வங்கியில் இதற்கென்று தனிக் கணக்கு. பருப்பு வியாபாரிகள் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று நம் தூதரகமும் கேட்டுக்கொண்டது. டாலரை நடுவில் கொண்டுவராமல் தீர்ப்பது நல்லதுதான். ஆனால் ரூபாய் வாங்கியவர் அந்த ரூபாயைச் செலவழிக்க இந்தியாவிலிருந்து அதே அளவுக்குச் சரக்கு வாங்க வேண்டும். மோரேயில் பண்டமாற்றுக்கு நேர்ந்த அதே சிக்கல், இங்கே பாங்க் உடையில் வருகிறது.

நம் கடைக்கு இதில் என்ன?

சாலை எப்போது முடியும் என்று பார்த்து உளுந்து வாங்குவதில் பயனில்லை என்பது இதற்குள் தெரிந்திருக்கும். மொத்த வியாபாரியும் மில்காரரும் கவனிக்க வேண்டியவை வேறு.

முதலில் காலண்டர். பர்மாத் துவரை ஜனவரி, பிப்ரவரியில் வரத் தொடங்கும். உளுந்து அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். புதுச் சரக்கு கப்பலேறி நம் துறைமுகத்தில் இறங்கும் சமயமும், தில்லியில் நிதியாண்டு முடிந்து இறக்குமதி அறிவிப்புகள் நீட்டிக்கப்படும் அல்லது மாறும் சமயமும் ஏறக்குறைய ஒன்றே. மார்ச் 31-ல் காலாவதியாகும் அறிவிப்பு நீட்டிக்கப்படுமா என்ற கேள்வியே பல ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச் விலையை ஆட்டி வைத்திருக்கிறது. ஐந்தாண்டு உடன்பாடு 2025-26 நிதியாண்டோடு முடிவதாக எழுதப்பட்டது. அதற்குப் பிந்திய சரக்கைப் பற்றி யார் எந்த விலை சொன்னாலும், எந்த அறிவிப்பின்படி என்று எண்ணும் தேதியும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கையிருப்பு வரம்பு. 2023 ஜூன் 2-ல் துவரைக்கும் உளுந்துக்கும் மத்திய அரசு வரம்பு விதித்தபோது, மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன், இறக்குமதியாளர் சுங்கம் தீர்ந்த 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றிருந்தது. செப்டம்பரில் மொத்த வியாபாரிக்கு அது 50 டன்னாகக் குறைந்தது. நவம்பரில் மறுபடி 200 ஆயிற்று. அதாவது ஆறு மாதத்துக்குள் மூன்று விதி. வரம்பு 200 என்று நினைத்து 120 டன் வாங்கி வைத்தவர், செப்டம்பரில் திடீரென்று குற்றவாளி ஆகியிருப்பார். விலை ஏறும் என்று பெரிய சரக்காகப் பிடித்து வைக்கும் பழைய வழக்கம் இந்தப் பண்டத்தில் ஆபத்தானது. அரசு வரம்பு வைப்பதும் விலை ஏறும் அதே நேரத்தில்தான்.

மூன்றாவது, சில்லறைக் கடைக்காரர்களுக்கு. 5 டன் வரம்பு நமக்கு எட்டாத உயரம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் பர்மா உளுந்தையும் நாட்டு உளுந்தையும் கலந்து ஒரே விலைக்குப் போடும் மில் எது, தனியே போடும் மில் எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது பிழைப்புக்கு உதவும். இரண்டுக்கும் மாவு காணும் அளவு வேறு என்பதை ஓட்டல்காரர் நம்மைவிட நன்றாக அறிவார். அவர் ஒரு முறை ஏமாந்தால் மறு வாரம் வேறு கடைக்குப் போய்விடுவார்.

மோரே கேட் முழுதாகத் திறந்து, தமுச் சாலை சீராகி, லாரி உடன்பாடும் கையெழுத்தானால் நல்ல செய்திதான். அன்று முதலில் பயன் அடையப்போவது இம்பாலும் குவஹாத்தியும். அங்கே நம் சரக்கு அனுப்பும் ஈரோட்டு மஞ்சள்காரர்களும், சிவகாசித் தீப்பெட்டிக்காரர்களும், திருப்பூர் பனியன்காரர்களும் அந்தக் கேட்டைத் தாண்டி மாண்டலே வரை விற்பதைப் பற்றி யோசிக்கலாம். நம் பக்கத்திலிருந்து சரக்கு போவதற்குத்தான் அந்தச் சாலை கைகொடுக்கும். பர்மா உளுந்துக்கு நம் தொலைபேசி, வழக்கம்போல, சென்னைத் துறைமுகத்தையே கேட்க வேண்டும்.